ஆட்டோவில் வந்த குதிரைக்காரர்

கோவில்பட்டியில் குதிரை மேல் ஏறிக் கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை யாராக இருந்தாலும் சரி, அவர் வீட்டு ஆல்பத்தை வாங்கிப் பாருங்கள். மாப்பிள்ளை நடுவில் இருப்பார், முகத்தில் பூச்சரம் தொங்கும். குதிரையின் தலையில் சிவப்புக் குஞ்சம் இருக்கும். படத்தின் ஓரத்தில் ஒரு கையும் அரைத் தோளும் பாதிக் காதும் தெரியும். அந்தக் கையும் தோளும் காதும் முகம்மது இஸ்மாயிலுடையவை. குதிரை அவனுடையது. கடிவாளத்தைப் பிடித்து நடந்தவனும் அவன்தான். ஆனால் அவன் முகம் முழுசாக விழுந்த படம் ஒன்றுகூட எந்த வீட்டிலும் கிடையாது.

ஆள் ஒல்லி, நெடுநெடு என்று வளர்த்தி. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்த பயல்களாக அவன் பார்த்து வளர்ந்தவர்கள்கூட, கல்யாணத்தன்று குதிரைப் பக்கத்தில் வந்து நின்றால் அவனுக்கு மாப்பிள்ளைதான். வாங்க மாப்ள, இந்த முக்காலியில கால வைங்க மாப்ள என்றுதான் பேசுவான். ஏறி உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஒரே பாடம் சொல்லுவான். முதுகை நிமிர்த்த வேண்டும், குதிரையின் ரெண்டு காதுக்கும் நடுவே பார்க்க வேண்டும், பல்லைக் கடிக்கக் கூடாது, சிரிக்க வேண்டும். பயந்த மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் பாடத்தைக் கேட்டுத்தான் விழாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிப்பட்டவன் தன் கல்யாணத்துக்கு ஆட்டோவில் போனான்.

அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. அப்போது அவன் வாப்பா உயிரோடு இருந்தார். குதிரை ஒன்றுதான். அதே நாளில் விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்துக்கு முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். மகன் கல்யாணம் என்பதற்காக இன்னொருவன் வீட்டு மாப்பிள்ளையை நடக்கவிட முடியாது என்று சொல்லிவிட்டார். இங்கே இஸ்மாயிலுக்குப் பேசிய பெண் தௌலத் பேகம் தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றாள். குதிரைக்கார வீட்டு மாப்பிள்ளை என்று தோழிமாரிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. அன்றைக்கு அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்லாத நாள் குறைவு. குழம்பில் உப்புக் கூடிப்போனதென்று அவன் முகம் சுளித்தால் போதும், ஆட்டோவுல வந்தவுகளுக்கு இது போதும் என்பாள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இஸ்மாயில் தன் கல்யாணத்துக்கு மட்டுமல்ல, எதற்குமே குதிரை மேல் ஏறியதில்லை. சேணம் மாப்பிள்ளைமாருக்கு உரியது, கடிவாளம் பிடிக்கிறவன் அதில் உட்காரக் கூடாது என்பது அவன் வாப்பா வைத்த சட்டம். சாம்பிராணிப் புகை காட்டி வைத்த சேணத்தில் கண்டவனும் ஏறினால் அப்புறம் அதற்கு என்ன மதிப்பு என்பார் அவர். இஸ்மாயில் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை. சட்டத்துக்கு உள்ளே அவனுடைய பயமும் சௌகரியமாக ஒளிந்துகொண்டது. தரையில் நின்றால் குதிரை அவனுக்குப் பிள்ளை மாதிரி. மேலே ஏறுவதை நினைத்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். இது தௌலத் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள், முஸ்கான். அவளுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஆரிப்பைப் பேசி முடித்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று ஏற்பாடு. நகை, சாப்பாடு, மஹால் என்று எதைப் பேசினாலும் தௌலத் சரி சரி என்று தலையாட்டினாள். ஒன்றே ஒன்றில்தான் பிடிவாதமாக நின்றாள். மருமகன் குதிரையில் வர வேண்டும், அதுவும் இந்த வீட்டுக் குதிரையில் வர வேண்டும்.

வீட்டுக் குதிரை அப்போது மைனா. நல்ல குதிரை. ஆனால் வயசாகிவிட்டது. போன வருசம் ஒரு கல்யாணத்தில் கடைத்தெரு நடுவே நின்றது, நின்றதுதான். தட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இறங்கி நடந்தே போனார். இஸ்மாயில் அன்றே மைனாவின் முதுகில் இனிச் சேணம் ஏறாது என்று முடிவு செய்து, கொட்டகையில் அதைச் சும்மா வைத்துத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். ஆகவே புதுக் குதிரை வேண்டும். நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ராமசுப்பு இருந்தார். மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். கையில் நாலு காசு தங்கினால் குதிரைவண்டிப் பந்தயத்தில் விடுகிறவர். அவரிடம் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. வாலில் மட்டும் லேசாகச் சாம்பல் ஓடியிருக்கும். சின்ன வயசு. ஒரே ஒரு பந்தயம் ஓடிக் கடைசியாக வந்திருந்தது. ஓடத் தெரியாமல் இல்லை, பக்கத்து வண்டிக்குதிரை முந்தினால் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது என்று ராமசுப்பு சலித்துக்கொண்டார். அந்தக் குணம் இஸ்மாயிலுக்குப் பிடித்துப்போனது.

"மேல ஆளு ஏறிப் பழக்கம் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"வண்டியவே இழுக்குது, ஆளு என்ன பாய் பெரிய பாரம்" என்றார் ராமசுப்பு.

அந்தப் பதிலில் இருந்த ஓட்டையை இஸ்மாயில் கவனித்தான். ஆனாலும் குதிரை அவன் தோளில் மூக்கை வைத்து மூச்சுவிட்டதும் அவன் விலையைப் பேசி முடித்துவிட்டான். குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தான். ராமசுப்பு அதற்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தார். கடைசியாக வருகிறதுக்கு மின்னல் எதற்கு என்று தௌலத் அதை முத்து ஆக்கினாள். காலையும் மாலையும் அவள்தான் முறத்தில் ஊறவைத்த கொள்ளு கொண்டுபோய் வைப்பாள். மூன்றாம் நாளே அவள் குரல் கேட்டால் கழுத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டது.

முத்துவுக்குச் சேணம் புரியவில்லை. முதுகில் போட்டதும் அது மெதுவாகப் பின்னால் நடக்கும். நிறுத்தி முன்னால் கொண்டுவந்தால் மறுபடியும் பின்னால் போகும். ரெண்டு நாள் கழித்துத்தான் இஸ்மாயிலுக்கு விளங்கியது. முதுகில் ஏதாவது ஏறினால் வண்டியின் ரெண்டு ஏர்க்காலுக்கும் நடுவே பின்னால் போய் நிற்க வேண்டும் என்று அதைப் பழக்கியிருக்கிறார்கள். இல்லாத வண்டியை அது தேடிக்கொண்டிருந்தது. பாவம், அதன் மேல் ஒரு தப்பும் கிடையாது. இஸ்மாயில் பொறுமையாகப் பழக்கினான். சேணத்தில் மணல் மூட்டையை வைத்து, வண்டி வராத நேரமாகப் பார்த்துத் தெருத்தெருவாக நடத்தினான். மூட்டையோடு அது நன்றாகவே நடந்தது.

ஆனால் மூட்டைக்கும் மாப்பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு என்று முஸ்கான் சொன்னாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. சோறு தின்றுகொண்டிருந்த வாப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வாப்பா, நீங்க ஒரு தடவ ஏறி ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா அவிய கார்ல வரட்டும்."

இஸ்மாயில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தௌலத் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று முஸ்கானுக்குத் தெரிந்தது, எதற்கு என்று தெரியவில்லை. கேட்டாள். தௌலத் சொல்லிவிட்டாள். பிறந்ததிலிருந்து குதிரைக்கார வாப்பா என்று பெருமைப்பட்ட பெண்ணுக்கு அன்றைக்குத்தான் விசயம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. வாப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு, அப்படியானால் கட்டாயம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தப் பிடிவாதம் தாய் வழிச் சொத்து.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு மூன்று பேரும் முத்துவை நடத்திக்கொண்டு ஊருக்கு வெளியே போனார்கள். கழுகுமலை ரோட்டிலிருந்து பிரிந்து கரிசல் காட்டுக்குள் போகும் ஊர்ச்சாலை அது. ரெண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடித்த நிலம், கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அந்த நேரத்தில் பால்காரர் தவிர ஒருவரும் வர மாட்டார்கள். கைலியோடு குதிரை ஏறினால் நாலு பேர் பார்க்கச் சிரிப்பாய்ப் போகும் என்று தௌலத் பெட்டியைக் குடைந்து ஒரு பேண்ட் எடுத்துக் கொடுத்திருந்தாள். அவன் கல்யாணத்துக்குத் தைத்தது. அப்போது சரியாக இருந்தது, இப்போது அவன் இன்னும் மெலிந்திருந்ததால் இடுப்பில் கயிறு கட்ட வேண்டியிருந்தது.

முக்காலியைப் போட்டார்கள். இஸ்மாயில் பிஸ்மில்லா சொல்லி ஏறினான். ஏறினவன் குனிந்து குதிரையின் பிடரியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தௌலத் கடிவாளத்தைப் பிடித்தபடி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "முதுக நிமித்துங்க மாப்ள. காதுக்கு நடுவுல பாருங்க. பல்லக் கடிக்காதிய."

"சிரிக்கணும்" என்றாள் முஸ்கான்.

இஸ்மாயில் சிரித்துப் பார்த்தான். வந்த அளவுக்கு வந்தது. தௌலத் மெதுவாக நடந்தாள். முத்துவும் நடந்தது. ஒரு புளியமரம் வரை போனார்கள், மரத்தைச் சுற்றித் திரும்பி வந்தார்கள். குதிரை மூட்டையைச் சுமந்த மாதிரியே அவனையும் சுமந்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடிவாளத்தைக் கொடு, தனியாக ஒரு நடை போகிறேன் என்று அவனே கேட்டான். தௌலத் கொடுத்துவிட்டு, கொள்ளு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள்.

அந்த நேரத்தில்தான் ஆரிப் பைக்கில் வந்தான். அவனுக்கு விசயம் போனில் போயிருந்தது. தன்னைச் சுமக்கப் போகிற குதிரையைப் பார்க்காமல் எப்படி இருப்பது. நல்ல பையன், பெரியவர்களிடம் மரியாதை தெரிந்தவன். மாமனார் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, நான் வந்திருக்கிறேன் என்று மரியாதைக்குப் பின்னாலிருந்து ரெண்டு ஆரன் அடித்தான்.

முத்து காதுகளைப் பின்னால் மடக்கியது. அப்புறம் ஓடியது.

இந்தப் பக்கத்துப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். குதிரை வண்டி முன்னால் ஓடும். பின்னால் ஊர் இளவட்டங்கள் பைக்குகளில் விரட்டிக்கொண்டே ஆரன் அடித்துக் கத்துவார்கள். அந்தச் சத்தம்தான் குதிரைக்குச் சாட்டை. முத்துவுக்கு வாழ்க்கையில் பின்னாலிருந்து ஆரன் கேட்டால் ஒரே அர்த்தம்தான் தெரியும்.

ஆரிப் பதறிவிட்டான். மாமனாரைக் குதிரை தூக்கிக்கொண்டு போகிறது, சும்மா நிற்க முடியுமா. பைக்கை முறுக்கிக்கொண்டு பின்னாலேயே விரட்டினான். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கட்டும் என்று ஆரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. பக்கத்து வண்டிப்பாதையிலிருந்து பைக்கில் வந்த பால்காரரும் ஆபத்துக்கு உதவ வேண்டும் என்று பின்னால் சேர்ந்துகொண்டார். அவரும் ஆரன் அடித்தார். காப்பாற்ற வருகிறவர்கள் கூடக் கூடக் குதிரையின் வேகமும் கூடியது. போன பந்தயத்தில் கடைசியாக வந்த குதிரை, அன்றைக்கு வழிவிட வேறு குதிரை இல்லாததால் உயிரைக் கொடுத்து ஓடியது.

இஸ்மாயிலுக்கு ஒற்றைச் செருப்பு போனது. தொப்பி போனது. கடிவாளத்தை இழுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா. தெரியும். பிடரியிலிருந்து கையை எடுத்தால்தானே இழுப்பதற்கு. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்த சூராவை எல்லாம் ஓதினான். மகள் கல்யாணம் நினைவு வந்தது. இந்தக் குதிரையில் அந்தப் பிள்ளையை எப்படி ஏற்றுவேன் என்றுதான் அப்போதும் நினைத்தான்.

ரோட்டில் ஓரிடத்தில் பாலத்துக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் விழாமல் இருக்க, கொஞ்சம் முன்னாலேயே ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தார்கள். துணி காற்றில் ஆடியது. அதைப் பார்த்ததும் முத்து வேகத்தைக் குறைத்தது. கம்பை அழகாக ஒரு சுற்றுச் சுற்றியது. வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கியது.

இஸ்மாயில் கண்ணைத் திறந்தான். பந்தயத்தில் எல்லையில் ஒருவன் கொடியோடு நிற்பான், வண்டிகள் அவனைச் சுற்றித் திரும்ப வேண்டும். குதிரை வெறி பிடித்து ஓடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. அது தெரிந்ததும் அவன் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. எதிரே ஆரிப் ஆரன் அடித்தபடி வந்து, பைக்கைத் திருப்பி மறுபடியும் பின்னால் ஒட்டிக்கொண்டான்.

அதுவரை எந்த மாப்பிள்ளையையும் மரியாதை குறைத்துக் கூப்பிடாத இஸ்மாயில் தலையைத் திருப்பினான். "ஏலே, ஆரன அமத்துலே. வண்டிய அங்கனயே நிப்பாட்டுலே."

அவனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆரிப் நின்ற இடத்திலேயே வண்டியை அணைத்துவிட்டான். பால்காரரும் அணைத்துவிட்டார். கரிசல் காடு அமைதியானது. முத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது, பின்னால் யாரையும் காணவில்லை. மெல்ல நடைக்கு வந்தது.

இப்போது இஸ்மாயில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தக் காட்டை அவன் பார்த்ததே இல்லை. உடைமுள் மரங்களுக்கு மேலாக ஊரின் மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டியும் பள்ளிவாசல் மினாராவும் தெரிந்தன. வாயாடியான மாப்பிள்ளைகள்கூட மேலே ஏறியதும் ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று அவனுக்கு இத்தனை காலம் புரிந்ததில்லை. புரிந்தது.

முத்து நேராகத் தௌலத் முன்னால் வந்து நின்று முறத்துக்குள் மூக்கை விட்டது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் அவள் கேட்டது, "ஒத்தச் செருப்ப எங்க?" என்றுதான்.

ஆரிப் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். ஸ்டார்ட் பண்ண அவனுக்குத் தைரியம் வரவில்லை. இஸ்மாயில் அவனிடம் வெட்கத்தோடு, அவசரத்தில் வாய் தவறிவிட்டது, மனசில் வைக்கக் கூடாது மாப்ள என்றான். எங்க வாப்பா கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது மாமா என்று ஆரிப் சொன்னான். அப்புறம் குதிரையின் கழுத்தைத் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்தான். முஸ்கான் வாப்பாவின் தொப்பியைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். பின்னால் ஆரன் கேட்காவிட்டால் குதிரை ஓடாது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது, கார் பேச்சு அதோடு முடிந்தது.

கல்யாண நாள் வந்தது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் குதிரையைப் பிடித்து நடப்பது முறையில்லை என்று ஆரிப்பின் வாப்பாவுக்குச் சங்கடம். மஹால் வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர் அல்லவா. வரவேற்க தௌலத் இருக்கிறாள், இந்தக் குதிரையை நான்தான் பிடிப்பேன் என்று இஸ்மாயில் சொல்லிவிட்டான். ஆரிப் தன் கூட்டாளிகளிடம் பைக்கையே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். எல்லாரும் நடந்தார்கள். முன்னால் ஒரு கூட்டம் தஃப் கொட்டு அடித்து பைத் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. சத்தம் முன்னாலிருந்து வந்ததால் முத்துவுக்கு அது பொருட்டே இல்லை. குஞ்சத்தை ஆட்டி ஆட்டி நடந்தது. மேலே ஆரிப் மாமனார் சொன்ன பாடத்தை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தான்.

மஹால் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலில் தௌலத் சீனித் தட்டோடு நிற்பதும் தெரிந்தது. அவள் இருக்கும் இடத்துக்கும் குதிரைக்கும் நடுவே ஒரே ஒரு நாற்சந்தி.

அந்த நாற்சந்தியில் ராமசுப்பு நின்றார். கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். புது வேட்டி கட்டி முதலிலேயே வந்துவிட்டார். ஊர்வலம் வரும்போது பஸ்ஸும் லாரியும் குறுக்கே வரக் கூடாதே என்று யாரோ கேட்டதும், அந்தப் பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். எத்தனையோ பந்தயத்தில் எல்லையில் நின்றவர். பழக்கம் விடுமா. ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி, நடுரோட்டில் நின்று, தலைக்கு மேல் தூக்கி நன்றாக வீசினார்.

முத்து அவரைப் பார்த்தது. பழைய எஜமான், கையில் கொடி. அவரை மரியாதையாக ஒரு சுற்றுச் சுற்றியது. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்த வழியே நடந்தது. இஸ்மாயில் கடிவாளத்தை இழுத்துப் பார்த்தான். முத்து ஓடவில்லை, முரண்டவில்லை. எல்லை தொட்டாயிற்று, வீட்டுக்குப் போகிறேன் என்று நடந்தது. பைத் பாடியவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஆரிப் சிரிப்பைக் கலைக்காமல், உதட்டை அசைக்காமல் கேட்டான். "மாமா, இது எங்க போகுது?"

"கொடியக் கண்டுட்டு மாப்ள. நீங்க நிமிந்து இருங்க."

தௌலத் மஹால் வாசலில் நின்று பார்த்தாள். இவ்வளவு காலம் காத்திருந்து, கண்ணெதிரே வந்த குதிரை வாலைக் காட்டிக்கொண்டு போகிறது. மற்றப் பெண்களாக இருந்தால் அங்கேயே நின்று அழுதிருப்பார்கள். அவள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டோடு நடுரோட்டில் இறங்கினாள். ராமசுப்புவின் கையிலிருந்த கம்பைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"ஏ முத்து, எங்க போற. இங்கன வா" என்றாள், கொட்டகையில் கூப்பிடுகிற அதே குரலில்.

முத்து நின்றது. கழுத்தைத் திருப்பியது. பிறகு உடம்பையும் திருப்பியது. மாப்பிள்ளைக்கு ஊட்ட வைத்திருந்த சீனியில் முதல் வாய் அதற்குத்தான் கிடைத்தது. மாப்பிள்ளை ரெண்டு தடவை வந்தார் என்று ஊர் சிரித்தது, சிரித்துவிட்டுப் போகட்டும். குதிரையில் வந்தாரா இல்லையா, அதுதான் கேள்வி. வந்தார். ராமசுப்பு மட்டும் சாப்பாடு முடிகிற வரையில் தௌலத்தின் கண்ணில் படாமல் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்.

நிக்காஹ் முடிந்தது, விருந்து முடிந்தது, மகளை வழியனுப்பி வைத்தாயிற்று. வெயில் தாழ்ந்த நேரம். சொந்தக்காரர்கள் வேனில் ஏறிவிட்டார்கள், அதில் இவர்கள் ரெண்டு பேருக்கும் இடம் இல்லை. முத்து வேப்ப மரத்தடியில் சேணத்தோடு நின்றது. நீ களைத்துப்போயிருப்பாய், ஆட்டோ கூப்பிடவா என்று இஸ்மாயில் தௌலத்திடம் கேட்டான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். காலையிலிருந்து குதிரையோடு நடந்து காலிலும் சட்டையிலும் புழுதி. மகள் போன பிறகு இன்னும் ஒல்லியாகிவிட்டவன் போலத் தெரிந்தான். அவள் போய் முக்காலியை எடுத்துக் குதிரைப் பக்கத்தில் போட்டாள்.

"ஆட்டோவுல நீங்க வந்தது போதும். ஏறுங்க, நான் பிடிக்கேன்."

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் வாப்பா வைத்த சட்டம் அவனுக்கு மறக்கவில்லை. ஆனாலும் அவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பில் மறுத்துப் பேச முடியாது என்று தெரிந்தவன் அவன். ஏறினான். முதுகை நிமிர்த்தினான். ரெண்டு காதுக்கும் நடுவே பார்த்தான். அந்த நடுவில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தௌலத் முன்னால் நடந்தாள்.